பிளஸ் ஒன்னில் அறிவியலும் கணிதமும்: பல்கலைக்கழகம் நோக்கிப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து பள்ளி திறக்கும் வரை நம் வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: எந்த குரூப் எடுப்பது? மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் இன்னொன்று சொல்வார், மதிப்பெண் பட்டியல் வேறொன்று சொல்லும். அந்தப் பாடங்களை இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கப்போகிற பிள்ளைதான் பெரும்பாலும் கடைசிவரை வாய் திறக்காமல் இருக்கும். மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவருகிறவன் என்ற முறையில், குடும்பத்தில் முதல் ஆளாகப் பிளஸ் ஒன்னுக்குள் நுழையும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கே இது முழுமையாகப் பொருந்தும்.

முதலில், எதற்காகப் படிக்கிறோம் என்பதிலிருந்து குரூப்பை முடிவுசெய்யுங்கள்

மேல்நிலையில் மொத்தம் ஆறு பாடங்கள். தமிழ் அல்லது வேறொரு மொழிப்பாடம், ஆங்கிலம், இவற்றோடு நான்கு முதன்மைப் பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண். அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு இயற்பியலும் வேதியியலும் ஏறத்தாழ எல்லாச் சேர்க்கைகளிலும் உண்டு. வேறுபாடு மற்ற இரண்டு பாடங்களில்தான் வருகிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் ஊர்ப்பேச்சில் ஃபர்ஸ்ட் குரூப் அல்லது பயோ மேத்ஸ். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தால் கம்ப்யூட்டர் மேத்ஸ். கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தால் ப்யூர் சயின்ஸ். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாச் சேர்க்கைகளும் இருப்பதில்லை. ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளியில் என்னென்ன உள்ளன என்பதைத் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

ஒவ்வொரு சேர்க்கையும் சில கதவுகளைத் திறந்துவைக்கிறது, சிலவற்றை மூடுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் வேண்டும். மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றுக்கான நீட் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலிருந்து நடத்தப்படுகிறது. கணிதம், இயற்பியல், புள்ளியியல், தரவு அறிவியல் என்று எதில் பட்டப்படிப்புப் படிக்க நினைத்தாலும் கணிதம் இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது. இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளை அடிக்கடி பார்க்கிறேன். கணினிப் பொறியியல் படிக்கப் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அப்படி ஒரு கட்டாயம் இல்லை, அந்தக் கலந்தாய்வின் கணக்கில் அந்தப் பாடத்தின் மதிப்பெண் சேர்க்கப்படுவதுகூட இல்லை. வணிகக் கணிதம் எடுத்தால் கணிதம் எடுத்ததாகிவிடும் என்பது மற்றொன்று. பெயரில் கணிதம் இருந்தாலும் அது வேறு பாடம், வேறு பாதைக்கு உரியது.

எதில் விருப்பம் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்குப் பயோ மேத்ஸ் அதிகக் கதவுகளைத் திறந்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் நான்கு பாடங்களும் கனமானவை. உயிரியலில் துளியும் நாட்டமில்லாத பிள்ளையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதில் சேர்ப்பதால், கணிதத்துக்குப் போகவேண்டிய நேரம் விருப்பமில்லாத பாடத்தில் கரைகிறது. கணிதத்தில் கஷ்டப்பட்டுத் தேறிய, உயிரினங்களைப் பற்றி ஆவலோடு கேட்கிற பிள்ளைக்குப் ப்யூர் சயின்ஸ் தாழ்ந்த தேர்வு அன்று. செவிலியர் படிப்பு, மருந்தியல், கால்நடை மருத்துவம், உயிரியல் சார்ந்த பட்டப்படிப்புகள் என்று அதற்கும் நீண்ட பாதை இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தைப் பிள்ளை யாரும் சொல்லாமலேயே முதலில் எடுத்து உட்கார்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளியை மாற்றும் முன் ஒரு நிமிடம்

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மாற்றும் முன் ஒன்றைக் கட்டாயம் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-இலும் நடைமுறைக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறினால், அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்த ஒதுக்கீடு கைநழுவிப் போகும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. தனியார் பள்ளிக்குக் கட்டப்போகும் பணம் இத்தனைக்கும் ஈடாகுமா என்று நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். நான் படித்த காலத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. என் பள்ளியில் ஆகஸ்டு மாதத்திலேயே பிளஸ் ஒன் புத்தகத்தை மூடச்சொல்லிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டுகள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். கல்லூரியின் முதல் பருவத்தில், கரும்பலகையில் பேராசிரியர் பிளஸ் ஒன் நுண்கணிதத்தில் வரும் எல்லையையும் வகைக்கெழுவையும் தெரிந்தவையாக எடுத்துக்கொண்டு மேலே போனபோது, வகுப்பில் பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஆண்டு ஆனது. நிரப்ப முடியாமல் கணிதத் தாளை அரியராகச் சுமந்துகொண்டே போன நண்பர்களும் இருந்தார்கள்.

இந்த வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. ஆகவே, பள்ளி எந்த வேகத்தில் போனாலும், பிளஸ் ஒன் பாடத்தை முழுமையாகப் படித்து முடிக்கும் பொறுப்பை மாணவர்களாகிய நீங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏன் என்பதற்குப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் பொருளடக்கமே சாட்சி. அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று பன்னிரண்டு பாடங்களில் நான்கு பாடங்களுக்குப் பெயரே 'பயன்பாடுகள்' என்றுதான் முடிகிறது. எதனுடைய பயன்பாடுகள்? பிளஸ் ஒன்னில் படித்திருக்க வேண்டிய அணிகள், வெக்டர்கள், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் பயன்பாடுகள். நீட், மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ ஆகிய இரண்டு நுழைவுத் தேர்வுகளும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையும் சேர்த்தே கேட்கின்றன. இயற்பியலில் இயக்க விதிகள், சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல், அலைகள் என்று கல்லூரியில் முதலில் எதிர்ப்படும் பாடங்கள் அனைத்தும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன.

பள்ளி திறக்கும் முன்: இயற்கணிதத்தைச் செப்பனிடுதல்

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பிளஸ் ஒன் வகுப்புத் தொடங்குவதற்கும் இடையே கிடைக்கும் வாரங்களில் புதிய பாடங்களை முன்கூட்டியே படிக்க வேண்டாம். பழைய ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். என் அனுபவத்தில், பிளஸ் ஒன்னில் கணிதம் புரியவில்லை என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புரியாதது பிளஸ் ஒன் கணிதமே அன்று. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. √(x² + y²) என்பதைச் சுருக்கச் சொன்னால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே x + y என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தவறு என்று சிவப்பு மையால் அடித்தால் திருத்திக்கொள்வார்கள், அடுத்த வாரம் அதே தவறு திரும்பும். அதற்குப் பதிலாக xக்கு 3, yக்கு 4 என்று போட்டுப் பார்க்கச் சொல்வேன். 9, 16, கூட்டினால் 25, மூலம் 5. அவர்கள் எழுதிய விடையோ 3 + 4 = 7. அந்த இடத்தில் பிள்ளையின் முகம் மாறும்; பிறகு அந்தத் தவறு வருவதில்லை. எழுத்தில் ஐயம் வந்தால் எண்ணைப் போட்டுச் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை இந்த விடுமுறையிலேயே கைவரச் செய்துகொள்ளுங்கள்.

செப்பனிட வேண்டியவை அதிகமில்லை. பின்னங்களைக் கூட்டுதலும் வகுத்தலும், அடுக்குக்குறி விதிகள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, நேர்க்கோட்டின் சாய்வும் சமன்பாடும், முக்கோணவியல் விகிதங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் இவற்றுக்குரிய பயிற்சிகளைப் பார்க்காமல் போட முடிகிறதா என்று நாளைக்கு ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள். முடிந்தவற்றை விட்டுவிட்டு முடியாதவற்றை மட்டும் மறுபடி போடுங்கள். மூன்று வாரங்களில் இது முடிந்துவிடும்.

ஜூன் மாதமே தெரிந்திருக்க வேண்டிய நுண்கணிதம்

புதிதாக வருபவர்களைத் திகைக்கவைக்கும் ஓர் இடம் இருக்கிறது. இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டர்களும், வகையிடலும், தொகையிடலும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்திலோ வெக்டர் இயற்கணிதம் எட்டாவது பாடம், வகை நுண்கணிதம் ஒன்பதாவதும் பத்தாவதும், தொகை நுண்கணிதம் பதினொன்றாவது. எல்லாம் இரண்டாம் தொகுதியில். அதாவது இயற்பியல் ஆசிரியர் ஜூலையில் பயன்படுத்துகிற கருவியைக் கணித ஆசிரியர் நவம்பரிலோ டிசம்பரிலோதான் கையில் கொடுக்கிறார். இடைப்பட்ட மாதங்களில் பிள்ளை 'எனக்கு இயற்பியல் வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் மேல் எந்தக் குறையும் இல்லை. பாட வரிசை அப்படி அமைந்துவிட்டது.

தீர்வு எளியது. முதல் மாதத்திலேயே வகையிடலின் கருத்தை மட்டும், ஒரு மாலைப்பொழுது செலவிட்டு, கையால் கணக்கிட்டுப் புரிந்துகொள்ளுங்கள். மாடியிலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். அது t நொடிகளில் விழும் தொலைவு ஏறத்தாழ 4.9t² மீட்டர். சரியாக 2-ஆவது நொடியில் அதன் வேகம் என்ன? ஒரே கணத்தில் தொலைவும் இல்லை, நேரமும் இல்லை. எதை எதால் வகுப்பது? ஆகவே 2-ஆவது நொடியிலிருந்து 2.1-ஆவது நொடி வரை எடுத்துக்கொள்வோம். கல் கடந்த தொலைவு 4.9 × (4.41 − 4) = 2.009 மீட்டர், அதை 0.1 நொடியால் வகுத்தால் 20.09. இடைவெளியை 0.01 நொடியாகக் குறைத்தால் 19.649. இன்னும் குறைத்து 0.001 ஆக்கினால் 19.6049. விடை எங்கே போய் நிற்கப்போகிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது: 19.6. அதுதான் எல்லை, அந்த எல்லைதான் வகைக்கெழு. 4.9t²-ஐ வகையிட்டால் 9.8t, tக்கு 2 போட்டால் அதே 19.6.

இதைக் கையால் ஒருமுறை செய்தவர்கள், tⁿ-இன் வகைக்கெழு ntⁿ⁻¹ என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த s = ut + ½at² என்ற சமன்பாட்டை வகையிட்டுப் பாருங்கள். v = u + at என்று அடுத்த சமன்பாடு தானாக வந்து விழும். தனித்தனியாக உருப்போட்ட இரண்டு சூத்திரங்களும் ஒன்றின் இரு வடிவங்கள் என்று தெரியும்போது வருகிற மகிழ்ச்சியை எத்தனையோ பிள்ளைகளின் கண்களில் பார்த்திருக்கிறேன். வெக்டர்களில் கூறுகளாகப் பிரித்தல், கூட்டல், புள்ளிப் பெருக்கம் ஆகிய மூன்று மட்டும் முதலில் போதும். மீதியைக் கணித வகுப்பு வரும்போது முறையாகப் படித்துக்கொள்ளலாம்.

வேதியியலும் உயிரியலும்

வேதியியலின் முதல் பாடத்தில் வரும் மோல் கணக்கு தெளிவாகாமல் எந்தப் பிள்ளையும் அடுத்த பாடத்துக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 18 கிராம் தண்ணீர் ஒரு மோல், அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் என்பதைச் சொல்லத் தெரிந்தால் போதாது. 9 கிராமில் எத்தனை, 5 மோலின் நிறை எவ்வளவு என்று தயங்காமல் போடத் தெரிய வேண்டும். கரைசல்கள், சமநிலை, வாயுக்கள், பிளஸ் டூவில் வரும் மின்வேதியியல் என்று எல்லாமே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. கரிம வேதியியலில் வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதை ஒவ்வொரு வினைக்கும் அம்புக்குறியிட்டு வரைந்து பழகுவது நெடுநாள் நிற்கும்.

உயிரியலுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்லலாம்: படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறிக்க வராத பாடத்தைப் படித்து முடித்த பாடமாகக் கணக்கில் வைக்காதீர்கள். பொதுத்தேர்வில் உயிரியலின் 70 மதிப்பெண்ணும் உயிரி தாவரவியலுக்கு 35, உயிரி விலங்கியலுக்கு 35 என்று பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் மட்டும் கவனம் செலுத்தி மற்றொன்றை விட்டுவிட முடியாது.

ஆய்வகத்தை மதிப்பெண்ணுக்கான சடங்காக்கிவிடாதீர்கள்

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்த 30 மதிப்பெண்ணும் எளிதில் கிடைத்துவிடும் என்பதாலேயே, ஆய்வகத்தில் கையை வைக்காமல் அண்ணன் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கப்போகிற பிள்ளைக்கு இது பெரிய இழப்பு.

பிளஸ் டூ வேதியியலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பியூரெட் என்ற, அளவுகள் குறித்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இன்னொரு கரைசலோடு வினைபுரியவிட்டுத் தரம் பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கரைசல்களில் பிறைவடிவத் திரவ மட்டத்தின் அடிப்பகுதியைப் பார்த்து அளவெடுக்கச் சொன்ன ஆசிரியர், இதற்கு மட்டும் மேல் விளிம்பைப் பார்க்கச் சொல்வார். ஏன்? ஊதா நிறம் அடர்த்தியாக இருப்பதால் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அந்த இன்னொரு கரைசலைப் பிப்பெட்டில் 20 மில்லி எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டுவிட்டு, பியூரெட்டின் திருகைத் தளர்த்தினால், விழுகிற ஒவ்வொரு துளியும் நிறமிழக்கும். முடிவு நெருங்கும்போது நிறம் மறையத் தாமதமாகும். பிறகு ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகி, கலக்கினாலும் மறையாமல் நிற்கும். அந்த ஒரு துளியைத் தாண்டவிட்டவருக்கு அளவு ஒத்துவராது, மறுபடி செய்ய வேண்டும். அளவீடு என்றால் என்ன, பிழை என்றால் என்ன என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. இயற்பியலில் தனி ஊசலுக்கு ஓர் அலைவின் நேரத்தை அளக்காமல் இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து வகுப்பது ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியர் அந்தக் கேள்விக்காகவே உங்களை நினைவில் வைத்திருப்பார்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கிலத்துக்கு

தமிழ் வழியில் படிப்பது பாடத்தைப் புரிந்துகொள்வதற்கு எந்த வகையிலும் தடையன்று. தாய்மொழியில் புரிந்துகொண்டதுதான் ஆழமாக நிற்கும் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறேன். நீட் தேர்வையும் ஜேஇஇ மெயின் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது. ஆனால் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், இரண்டாண்டுகளில் அதற்கும் தயாராகிக்கொள்ள வேண்டும்.

அதற்குத் தனிப் பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பாடம் நடக்கும் அன்றே அன்றைய கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிவையுங்கள். திசைவேகத்துக்கு எதிரே வெலாசிட்டி, முடுக்கத்துக்கு எதிரே ஆக்சிலரேஷன், உந்தத்துக்கு எதிரே மொமென்டம், மின்தேக்கிக்கு எதிரே கெப்பாசிட்டர், வகைக்கெழுவுக்கு எதிரே டெரிவேட்டிவ். நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். பிளஸ் டூவில் வாரம் ஒருமுறை, தமிழில் படித்து முடித்த ஒரு பாடத்தின் இரண்டு பக்கங்களை ஆங்கிலவழிப் புத்தகத்தில் வாசித்துப் பாருங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே புதிதாக இருக்கும். அது விரைவில் பழகிவிடும்.

பொதுத்தேர்வும் நுழைவுத் தேர்வும்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்தே 200-க்குக் கட் ஆஃப் எனப்படும் தரவரிசை மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள்: கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 92 + 42 + 44 = 178. கணிதத்தில் ஏறும் ஒரு மதிப்பெண் மற்றவற்றில் ஏறும் இரண்டுக்குச் சமம். பொறியியலை மட்டும் நோக்கிப் போகிறவர்கள் நேரத்தைப் பங்கிடும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கணிதத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்று மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, ஐந்து மதிப்பெண்ணில் அது அல்லது இது என்ற வகையில் ஏழு. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாய வினா உண்டு. நேரடியாகப் புத்தகப் பயிற்சியில் இல்லாத கணக்கு வருவது பெரும்பாலும் அங்கேதான். முழு மதிப்பெண்ணைக் குறிவைப்பவர்கள் அந்த வினாக்களுக்காகவே எடுத்துக்காட்டுக் கணக்குகளில் எண்களை மாற்றிப்போட்டுப் பழக வேண்டும்.

நுழைவுத் தேர்வின் குணம் வேறு. நீட்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடம், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிவு, மொத்தம் 720. ஜேஇஇ மெயினில் 75 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று பாடங்களுக்கும் சமப் பங்கு. பொதுத்தேர்வில் தெரியாத ஒரு மதிப்பெண் வினாவுக்கும் ஏதாவது ஒரு விடையை எழுதிவைப்பது நல்லது; கழிவு மதிப்பெண் உள்ள தேர்வில் அந்தப் பழக்கம் கெடுக்கும். அங்கே விட்டுவிடவும் தெரிய வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். பாடம் ஒன்றுதான், கேட்கும் விதம்தான் வேறு. பள்ளியில் ஒரு பாடம் முடிந்த அதே வாரத்தில், அந்தப் பாடத்திலிருந்து முந்தைய ஆண்டு நுழைவுத் தேர்வு வினாக்கள் பதினைந்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பிழையான ஒவ்வொரு வினாவுக்கும் எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்: கருத்து தெரியவில்லையா, கணக்கிடுவதில் பிழையா, வினாவைச் சரியாக வாசிக்கவில்லையா. மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைப் புரட்டிப் பார்த்தால் உங்கள் பலவீனம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பணம் கட்டிக் கோச்சிங் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அரசின் மணற்கேணி செயலியும் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடநூல்கள் இணையத்தில் முழுமையாக இருக்கின்றன. அவற்றைவிடவும் பெரிய துணை, சேர்ந்து படிக்கும் இரண்டு மூன்று நண்பர்கள். ஒரு கணக்கை மற்றவருக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்கு அது எங்கே புரியவில்லை என்று தெரிகிறது.

மருத்துவமும் பொறியியலும் மட்டுமே பாதைகள் என்ற எண்ணத்தோடு பிளஸ் டூவை முடிக்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிப்படை அறிவியலில் உண்மையான ஆர்வமுள்ளவர்களுக்காகத் திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட ஊர்களில் ஐசர் நிறுவனங்கள் தனியே ஒரு திறனறித் தேர்வு நடத்துகின்றன. கணிதத்தை விரும்புகிற பிள்ளைக்குச் சென்னைக்கு அருகே சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது; வேகத்தைவிட நிறுவிக் காட்டும் திறனைப் பார்க்கும் தேர்வு அது. இவற்றுக்கான விண்ணப்ப நாள்கள் பொதுத்தேர்வு நெருக்கடியில் கண்ணில் படாமல் கடந்துவிடும். ஜனவரியிலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவற்றுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிட்டால் மே மாதத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

கடைசியாக, பிளஸ் ஒன் முடிந்ததும் புத்தகங்களை அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது நம் ஊரில் நல்ல வழக்கமாக இருக்கிறது. மற்றவற்றைக் கொடுங்கள், கணிதத்தின் இரண்டாம் தொகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் முதல் பருவக் கணிதத் தாளின் பெயரே அணிகளும் நுண்கணிதமும் என்றுதான் இருந்தது. விடுதிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அந்தப் புத்தகத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். முதல் மாதத்திலேயே அதைத் திறக்க வேண்டிவரும்.